கடல் தெரியாத நகைக்கடன் பேரேடு: ஒரு வங்கி ஆய்வும் அதை நடத்திய மூத்த சக அலுவலரும்

இந்தப் பதிவில் வரும் வங்கிக்கும் மனிதர்களுக்கும் பெயர் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை. ஆய்வை முன்னின்று நடத்தியவர் போன வாடைக்காலத்தில் காலமானார். வேலைக்காலம் முழுவதையும் வங்கி மேற்பார்வையிலேயே கழித்தவர். அவரோடு நான் போன ஆய்வுகளில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவரை நினைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழியும் இதுவே.

பின்னணி

ராமநாதபுரம் கடற்கரையில் நகைக்கடனுக்குப் பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 நாளானது. அந்த நாட்களில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், வலையைச் சரிபார்ப்பார்கள். எல்லாமே செலவு. கூலிக்குக் கடலுக்குப் போகிறவர் வீட்டில் ஜூனில் பள்ளி திறக்கும் செலவும் சேர்ந்துகொள்ளும். பெண்கள் கழுத்திலும் காதிலும் இருப்பது வங்கிக்கு வரும். தடை முடிந்து, பாடு, அதாவது மீன்வரத்து, நன்றாக இருந்தால் ஜூலை, ஆகஸ்டில் திருப்புவார்கள்.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் அடகு காற்றைப் பொறுத்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கடுமையாக இருக்கும், வாடையில் பாக் நீரிணைப் பக்கம். எப்படிப் பார்த்தாலும் இந்தக் கரையில் நகை ஒரே இடத்தில் வருஷம் முழுக்கக் கிடக்காது. வைப்பதும் திருப்புவதுமாகவே இருக்கும்.

வங்கி ஒரு சிறிய நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி. தலைமை அலுவலகம் ஊருக்குள், கிளைகளில் ஒன்று மீனவக் குப்பங்களை ஒட்டி. கொடுத்த கடனில் பெரும்பகுதி நகைக்கடன். கூட்டுறவு வங்கிகள் 1966 மார்ச் 1 முதல் 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்தவை, அதன் 35ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் ஆய்வுக்கு உட்பட்டவை. நாங்கள் போனது வழக்கமான ஆய்வுக்குத்தான். புகார் எதுவும் வந்திருக்கவில்லை.

அப்போது வைப்புத்தொகைக் காப்பீடு ஒருவருக்கு 1 லட்ச ரூபாய். 1993இல் வைத்த அளவு அது. 5 லட்சமானது 2020 பிப்ரவரியில்தான். முடக்கப்பட்ட வங்கியின் வாடிக்கையாளருக்கு 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் என்ற ஏற்பாடு 2021 சட்டத்திருத்தத்தோடு வந்தது. இவை இரண்டும் இல்லாத காலத்தில் ஒரு வங்கி முடங்கினால், அதில் பணம் போட்டவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆய்வை நடத்தியவர் எடுத்த முடிவுகளை இதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம்

முதுகுளத்தூர் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். வீட்டில் முண்டு மிளகாய் விவசாயம். ஐப்பசி மழைக்கு முன்னால் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும், மாசி, பங்குனியில் வற்றல் விலை போனால் திரும்பி வரும். "எங்க அம்மா காதைப் பார்த்தே என்ன மாசம்னு சொல்லிடுவேன்" என்பார். நகைக்கடன் பேரேட்டை அவர் படித்த விதம் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

எந்த ஊருக்கு ஆய்வுக்குப் போனாலும் முதல் நாள் காலையில் அந்த ஊர்ச் சந்தைக்குப் போவார். இங்கே ஆறு மணிக்கெல்லாம் மீன் ஏலம் விடும் இடத்தில் நின்றார். நண்டு என்ன விலை, போன வருஷம் இந்த நேரம் என்ன விலை, தடை முடிந்து எத்தனை படகு இறங்கியது என்று கேட்டுக்கொண்டார். ஜூலை இரண்டாவது வாரம் அது. பாடு நன்றாக இருந்தது. பெண்கள் கையில் காசு புழங்கியது. "இன்னைக்கு கிளையில நகை திருப்புற கூட்டம் இருக்கணும் தம்பி" என்றார். பத்தரை மணிக்குக் கிளைக்குப் போனோம். கூட்டம் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

கண்ணில் பட்டவை

முதல் நாள் அவர் எந்த நகைப்பையையும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கான மாதாந்திர நகைக்கடன் நிலுவையை எடுத்து, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வரைபடத் தாளில் பென்சிலால் புள்ளி வைத்தார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு கோடு, இந்தக் கிளைக்கு ஒரு கோடு. தலைமை அலுவலகக் கோடு ஏப்ரல், மே மாதங்களில் ஏறி, ஜூலைக்குப் பின் இறங்கி, மழைக்காலத்தில் மறுபடி ஏறியது. கிளையின் கோடு வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட படுத்தே கிடந்தது. ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஒரு படி மட்டும் ஏறியது.

தாளை என் பக்கம் திருப்பினார். "ஊருக்குள்ள இருக்கிற ஆபீஸுக்குக் கடல் தெரியுது. கடலை ஒட்டி இருக்கிற கிளைக்குத் தெரியல. ஏப்ரல்ல யாருக்கும் பணம் வேணாம், ஜூலைல யாரும் திருப்ப மாட்டாங்க. அப்படி ஒரு ஊர் இந்தக் கரையில எங்க இருக்கு?"

அப்புறம் மார்ச் மாதப் படியை மட்டும் எடுத்துப் பிரித்தோம். மார்ச் கடைசி வாரத்தில் பழைய கடன்கள் வரிசையாக முடிக்கப்பட்டு, அதே நாளில், அதே பெயரில், அதே எடையில் புதுக்கடன்களாக எழுதப்பட்டிருந்தன. நகையை மாற்றி வைப்பது எல்லா வங்கியிலும் நடப்பதுதான். ஆனால் மாற்றி வைக்க வருகிறவர் வட்டியையாவது கட்டுவார். இங்கே வட்டியும் புதுக்கடனிலேயே சேர்ந்திருந்தது. கவுன்டரில் பணமே நகரவில்லை. தங்கம் விலை ஏறிக்கொண்டிருந்ததால், மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் கூடாது என்ற அப்போதைய விதியும் காகிதத்தில் மீறப்படவில்லை.

அடுத்தது தொகை. அசலும் வட்டியும் 12 மாதம் கழித்து ஒரே தடவையில் கட்டும் வகை நகைக்கடனுக்கு இத்தகைய வங்கிகளுக்கு அப்போது இருந்த உச்சவரம்பு 2 லட்ச ரூபாய். மாற்றி எழுதப்பட்ட கடன்கள் எல்லாம் அந்த வரம்பை ஒட்டியே நின்றன. மீனவப் பெண்களின் உண்மையான கடன் அப்படி இருக்காது. 13,000 இருக்கும், 27,500 இருக்கும். தேவைக்குத் தகுந்த தொகை. வரம்பை முட்டியதும், வட்டியை அடைக்க இன்னொரு புதுப் பெயரில் கடன் முளைத்திருந்தது. கோட்டில் ஏறிய படி அதுதான்.

மூன்றாவதை நான் மட்டும் போயிருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். அந்தக் கடன்களில் பல கடல்பாசி எடுக்கும் பெண்களின் பெயரில் இருந்தன. விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. அவர் ஒரு விண்ணப்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பாறையிலும் பவளத்திலும் கைவிட்டுப் பாசி பிடுங்குகிறவர்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். அப்படியும் விரல்நுனி தேய்ந்து, வெடித்துப் போயிருக்கும். பின்னாளில் ரேஷன் கடைக் கருவி அவர்கள் ரேகையை எடுக்காமல் தகராறு செய்வதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தக் காகிதங்களில் ரேகை அச்சடித்த மாதிரி ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது. "இது பாசிக்காரம்மா விரல் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காகிதத்தைக் கோப்பில் வைத்தார்.

என் தவறு

முந்தைய ஆண்டு இதே கிளையை ஆய்வு செய்தவன் நான். 20 பைகளைச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அந்த 20 பையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கிளை மேலாளர், "சார், வரிசையா எடுத்துத் தர்றேன்" என்று பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். எடை பார்த்தவர் அந்தக் கிளையின் சொந்த நகை மதிப்பீட்டாளர். மாலை ரயிலைப் பிடிக்கும் அவசரம் எனக்கு.

முதல் நாள் இரவு விடுதியில் இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அறிக்கையில ஒரு வரியா வரும். நான் எழுதிட்டு உன்கிட்ட வாசிச்சுக் காட்டுறேன்" என்றார். அப்படியே செய்தார். "சென்ற ஆய்வில் சரிபார்ப்புக்கான பைகளைக் கிளையே தேர்ந்து கொடுத்தது, மதிப்பீட்டாளரும் கிளையைச் சேர்ந்தவர்." அந்த வரியை அவர் மறைத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மறைக்காததற்கு அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

எடுத்த முடிவுகள்

இரண்டாம் நாள் காலையில் வங்கியின் தலைமை நிர்வாகியை வரவழைத்தார். வேறு மாவட்டத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டுவர எழுத்தில் கேட்டார். கிளை மேலாளரிடமும் மதிப்பீட்டாளரிடமும் இருந்த பெட்டகச் சாவிகளை அன்றே வாங்கி, தலைமை அலுவலக ஊழியர்கள் இருவரிடம் ஒப்படைக்கச் சொன்னார். ஆய்வு அதிகாரிக்குப் புத்தகத்தைக் கேட்கவும் விசாரிக்கவும் அதிகாரம் உண்டு. யாரையும் பணியிலிருந்து விலக்குவது வங்கியின் வேலை. அந்த எல்லையை அவர் எப்போதும் தாண்ட மாட்டார். உத்தரவு தலைமை நிர்வாகியின் கையெழுத்தில்தான் வந்தது.

வந்த மதிப்பீட்டாளர் முதலில் உரைகல்லில் தேய்த்தார், அமிலம் வைத்தார். சந்தேகப்பட்ட சங்கிலி பொன்னாகவே நின்றது. மேலே கனமாகப் பொன் ஏற்றியிருந்தால் உரைகல் ஏமாறும். என் மூத்த அலுவலர் தண்ணீரில் எடை பார்க்கச் சொன்னார். 22 காரட் தங்கம் தண்ணீரைப் போல ஏறத்தாழ 17.8 மடங்கு கனம். 40 கிராம் சங்கிலி, அதாவது 5 பவுன், தண்ணீருக்குள் எடை குறைவது இரண்டேகால் கிராம் அளவுக்குத்தான். அதே எடையுள்ள இந்தச் சங்கிலி நாலு கிராமுக்கு மேல் குறைந்தது. அரத்தால் ஒரு கண்ணியை அராவியதும் உள்ளே செம்பு தெரிந்தது. கல் வைத்த நகைக்கும் அரக்கு நிரப்பிய நகைக்கும் இந்தத் தண்ணீர்க் கணக்கு சரிப்படாது, அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். போலிகள் அத்தனையும் கல் இல்லாத கெட்டிச் சங்கிலிகளாக இருந்ததால் வேலை சுலபமானது.

அடுத்த கேள்வி, கிளையை மூடிவிட்டு எல்லாப் பைகளையும் பார்ப்பதா, திறந்து வைத்துக்கொண்டே பார்ப்பதா. மூடிவிடலாம் என்று நான் சொன்னேன். சாட்சியம் கலையாது, வேலை ஒரே நாளில் முடியும். அவர் மறுத்துவிட்டார். ஜூலை மாதம், நகை திருப்பும் நேரம். பணத்தோடு வந்த பெண்ணை இன்று போய் நாளை வா என்று அனுப்பினால் சாயங்காலத்துக்குள் மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரை செய்தி போய்விடும். அதன்பின் வைப்புத்தொகைக்கு ஆள் வரும். மோசடியில் கல்லாவிலிருந்து போன பணத்தை வங்கியின் சேமநிதியே தாங்கிக்கொள்ளும் என்றுதான் இரவு போட்ட கணக்கு சொன்னது. எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடிவரத் தொடங்கினால் அந்தக் கணக்குக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

ஆகவே கவுன்டர் திறந்தே இருந்தது. திருப்ப வந்தவர்களின் பை முதலில் சரிபார்க்கப்பட்டது. மற்றவை உள்ளறையில் ஒவ்வொன்றாக.

மூன்றாம் நாள்

செய்தி எப்படியும் கசிந்தது. முந்தைய இரவே வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றியிருக்கிறது: அந்த பேங்க்ல இருக்கிற நகையெல்லாம் போலியாம், நம்ம நகையை மாத்திட்டாங்களாம். காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். சிலர் ஏலத்திலிருந்து மீன்கூடையோடு நேராக வந்திருந்தார்கள்.

அவர் வெளியே போய் நின்றார். வங்கி பத்திரம், யாரும் பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆய்வு அதிகாரிக்கு உரிமை இல்லை என்று பின்னால் எனக்கு விளக்கினார். சொன்னது இரண்டே விஷயம். "இன்னைக்குக் கல்லாவுல பணம் இருக்கு, கேக்குறவங்களுக்குக் கொடுப்பாங்க. நகை வச்சவங்க அடகுச் சீட்டைக் கொண்டுவாங்க, உங்க பையை உங்க கண் முன்னால திறந்து காட்டுவாங்க." இந்த வங்கி வேறொரு வங்கியில் வைத்திருந்த வைப்பிலிருந்து பணம் எடுத்துவர முந்தைய நாளே ஏற்பாடு செய்திருந்தார்.

வராந்தாவில் மேசை போட்டு, தராசு வைத்து, சீட்டு காட்டியவர் ஒவ்வொருவருக்கும் பையைத் திறந்து, எடையைக் காட்டி, அவர் முன்னாலேயே மறுபடி முத்திரையிட்டோம். இரவு ஒன்பது தாண்டியது. ஒரு வயதான அம்மா, "ஏப்பா, எடையெல்லாம் எனக்கு எதுக்கு? ஒருதரம் தொட்டுப் பாத்துட்டுக் கொடுத்துடுறேன்" என்றார். "தாராளமாத் தொடுங்க ஆத்தா" என்று சங்கிலியை அவர் கையில் வைத்தார். அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உண்மையான வாடிக்கையாளர் யாருடைய நகையும் மாற்றப்பட்டிருக்கவில்லை. வைப்புத்தொகை அன்று கொஞ்சம் வெளியே போனது, அடுத்த நாள் குறைந்தது, அதற்கடுத்த நாள் வழக்கத்துக்கு வந்துவிட்டது. கிளையை மூடச் சொன்ன என் யோசனை நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பின்னர் நடந்தது

மேலாளர் வேலையை இழந்தார். மதிப்பீட்டாளர் கைதாகி ஜாமீனில் வந்தார். போலீஸ் வழக்கு முடியவில்லை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன் 87ஆம் பிரிவில் இழப்பை வசூலிக்கும் நடவடிக்கையும் தொடங்கியது, ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. வங்கி சில ஆண்டுகள் பங்கு ஈவு கொடுக்கவில்லை. போட்ட பணத்தை யாரும் இழக்கவில்லை.

தப்பிப்போனது வேறொன்று. போலிக் கடன்களில் பெயர் பயன்படுத்தப்பட்டவர்களுக்கு எதுவுமே தெரியாது. மகளிர் குழுக் கடனுக்கென்று கொடுத்த ஆதார், ரேஷன் அட்டை நகல்கள் அங்கிருந்து இங்கே வந்திருந்தன. இவர்களிடம் வசூல் கேட்கக் கூடாது என்பதற்காகவே அவர் அறிக்கையில் தனி இணைப்பாகப் பெயர்ப் பட்டியல் சேர்த்தார். ஆனால் ஆய்வறிக்கை ரகசியமானது, வங்கியின் வழக்கறிஞர் கைக்குப் போகாது. வழக்கறிஞரிடம் இருந்தது கடன் பேரேடு மட்டும். அதில் இருந்த எல்லாருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது.

தொடர் ஆய்வுக்காக நாங்கள் திரும்பிப் போன நாளில், பாசி எடுக்கும் ஒரு பெண் குழுத் தலைவியோடு கிளைக்கு வந்தார். கணவர் இல்லை. 15 நாளுக்குள் 1 லட்சத்து 90 ஆயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும் என்ற நோட்டீஸை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தார். போலீஸ் வீட்டுக்கு வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை. அவர் பெயரில் வைத்திருந்ததாகச் சொன்ன சங்கிலியைப் போல ஒன்றை வாழ்க்கையில் போட்டதில்லை என்றார்.

அவர் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். பிறகு அந்தப் பெண்ணின் முன் எழுந்து நின்று, "தப்பு எங்க பக்கம்மா" என்றார். அவ்வளவு உடைந்து நான் அவரைப் பார்த்ததில்லை. பட்டியல் போட்டதோடு நிறுத்திவிட்டேன், அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போக வேண்டும் என்று யோசிக்கவில்லை என்று அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே ஒரு கடிதம் வரைந்தார். எளிய தமிழில் ஏழெட்டு வரி: இந்தக் கடன் உங்களுடையது இல்லை, நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது, நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை, உங்கள் பெயரில் கடன் பாக்கி என்று எங்கும் இருக்காது. வங்கி அதில் கையெழுத்திட்டது. தபாலில் அனுப்பினால், வங்கி உறையைப் பார்த்ததும் பயந்து பிரிக்காமலே வைத்துவிடுவார்கள் என்று, கிளை எழுத்தர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினார். ஓய்வுபெற சில மாதங்களே இருந்தன, சொந்த விடுப்பில் போனார். மேற்பார்வை அதிகாரி இப்படிச் செய்யலாமா என்று அலுவலகத்தில் கேள்வி எழுந்தது. விதிப்புத்தகத்தில் இதற்கு இடம் இல்லைதான். அவர் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி மாற வேண்டியவை

சரிபார்க்கும் பைகளை ஆய்வுக்குப் போகிறவரே பேரேட்டிலிருந்து எண் சொல்லிக் கேட்க வேண்டும், மதிப்பீட்டாளர் வேறு ஊர்க்காரராக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் நான் இப்போது விட்டுக்கொடுப்பதில்லை. பெட்டகச் சாவி வைத்திருப்பவருக்கு ஆண்டில் சில நாள் கட்டாய விடுப்பு என்ற நடைமுறை காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இந்த மேலாளர் மார்ச் மாதத்தில் விடுப்பே எடுத்ததில்லை. எடுத்திருந்தால் மாற்றி எழுதும் வேலையை இன்னொருவர் கையில் விட்டுப் போயிருக்க வேண்டும்.

மாதாந்திர நிலுவையை ஊரின் பருவத்தோடு வைத்துப் பார்ப்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. பரமக்குடியில் நெசவுக்கு ஒரு பருவம், கமுதியில் மிளகாய்க்கு ஒன்று, தொண்டியில் கடலுக்கு ஒன்று. போவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுது போதும். நான் ஆய்வுக்குப் போகும் ஊர்களில் இப்போது முதலில் சந்தைக்குப் போகிறேன். அவர் அளவுக்குக் கேட்கத் தெரியவில்லை, இருந்தாலும் போகிறேன்.

மோசடியில் பெயர் இழுக்கப்பட்டவர்களின் பட்டியலை ரகசிய அறிக்கைக்குள் பூட்டி வைக்கக் கூடாது. வங்கி தனியாக அதை வாங்கி, வசூல் பிரிவுக்கும் வழக்கறிஞருக்கும் கொடுத்ததற்கு ஒப்புதல் பெற்ற பிறகே ஒரு நோட்டீஸாவது வெளியே போக வேண்டும். அவர் ஓய்வு பெறும் முன் கடைசியாக எழுதிய குறிப்பு இதைப் பற்றியதுதான்.

அவர் வரைந்த கடிதங்களில் ஒன்று மட்டும் இன்னும் கிளையில் இருக்கிறது. அந்தக் குடும்பம் கேரளக் கரைக்கு மீன்பிடி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது, வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு வருவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். எழுத்தரும் நானும் அன்றைக்குப் போவதாக இருக்கிறோம்.